கைலிக் கணக்கு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பகாங்கில் ஒரு பெல்டா குடியேற்றத்தில் மூன்று வாரம் தங்க வேண்டியிருந்தது. உள்சாலைகளை அகலப்படுத்தி இரு பக்கமும் கான் போடுகிற திட்டம். சர்வே ஆட்களோடு காலையில் இறங்கினால் வெயில் ஏறும்வரை மட்டம் எடுப்போம். அப்புறம் எங்காவது நிழல் தேடி உட்காருவோம். அப்படி உட்கார்ந்த இடம்தான் அந்தப் பாக்சிக்கின் வீட்டு முகப்பு.

பாக்சிக்குக்கு எண்பது வயது இருக்கும். கோப்பி கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 1970களின் தொடக்கத்தில் லாரியில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டைத் துணியோடு வந்து இறங்கியிருக்கிறார். பலகை வீடு. சுற்றிலும் புதிதாக நட்ட கித்தாக் கன்றுகள். கால் ஏக்கர் வீட்டு மனை, பத்து ஏக்கர் தோட்டம். மரம் பால் கொடுக்கும்வரை மாதாமாதம் கைச்செலவுக்குக் கடனாகக் காசு. பள்ளிக்கூடம், கிளினிக், கடை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே நிலப்பட்டா. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். என் கையெல்லாம் செம்மண். துடைத்துக்கொண்டு தொட்டேன்.

அன்றிரவு பாட்டிக்குப் போன் செய்தபோது இதைச் சொன்னேன்.

“பத்து ஏக்கரா? சும்மாவா குடுத்தாங்க?”

“சும்மா இல்ல பாட்டி. கடன்தான். விக்கிற பால்லேர்ந்து கழிச்சுக்குவாங்களாம். ஒரு பதினஞ்சு வருசம் கட்டணுமாம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பதினஞ்சு வருசமா? நாங்க நாப்பது வருசம் வெட்டுனோம்யா.”

பாட்டி அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பாக்சிக்கும் தாத்தாவும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். ஒரே மரம், ஒரே உளி, ஒரே விடியற்காலை. ஒருவருக்குக் கடைசியில் ஒரு பட்டா மிஞ்சியது. இன்னொருவருக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த ஒரு சுவர்க் கடிகாரம். இது எப்படி நடந்தது என்று தேடத் தொடங்கியது அப்போதுதான். நான் படித்தது சிவில் பொறியியல். சரித்திரம் எஸ்.பி.எம். தேர்வோடு முடிந்துபோன ஆள். அதனால் தடவித் தடவித்தான் படித்தேன்.

*

முதலில் கிடைத்தவர் உங்கு அசிஸ். மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968 முதல் இருபது ஆண்டுகள் இருந்தவர். பொருளாதாரப் பேராசிரியர். கிராமத்து ஏழ்மையை அளக்க அவர் ஒரு வழி சொன்னார். ஒரு வீட்டுக்குள் போ. அங்கே எத்தனை கைலிகள் இருக்கின்றன என்று எண்ணு. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார். கைலிகளை ஆட்களால் வகு. வருகிற எண் குறையக் குறைய ஏழ்மை கூடுகிறது என்று பொருள். சாரோங் குறியீடு என்று இதற்குப் பெயர்.

வாசித்தவுடன் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான அளவுகோல் இல்லை என்று பட்டது. கிராமத்தில் யாரிடமும் வருமானம் கேட்டால் சரியான பதில் வராது. பால் விலை ஏறும், இறங்கும், மழை பெய்தால் வேலையே இல்லை. ஆனால் கைலியை எல்லோரும் கட்டுகிறார்கள். அதை உடுத்துகிறார்கள், போர்த்துகிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், கடைசியில் கரித்துணி ஆக்குகிறார்கள். அது கொடியில் காயும்போது எவரும் மறைத்து வைக்க முடியாது.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது பாட்டியைக் கேட்டேன். “அப்போ நம்ம வீட்டுல எத்தனை கைலி இருந்துச்சு?”

பாட்டி விரல் விட்டு எண்ணினார். பால் வெட்டப் போகும்போது கட்டுகிற கைலி தனக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. கித்தாப் பால் காய்ந்து காய்ந்து அது தகரம் மாதிரி விறைத்து நிற்குமாம். வீட்டில் கட்ட ஆளுக்கொன்று. பிள்ளைகள் நான்கு பேருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்ள ஒன்று.

ஆறு பேர், ஐந்து கைலி. வகுத்தால் 0.83.

“எதுக்கு இந்தக் கணக்கு?” என்றார் பாட்டி. பேராசிரியர் கதையைச் சொன்னேன். “படிச்சவங்களுக்கு நல்ல வேலைதான்” என்று சிரித்தார். “ஆனா எங்க லயத்துக்கு எண்ண யாரும் வரலியே.”

*

யாரும் வரவில்லை என்பது பாட்டியின் அனுபவம். ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு, 1956ல், நில மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் பெல்டா உருவானது. நிலமில்லாத கிராமத்துக் குடும்பத்தைக் காட்டுக்கு அழைத்துப்போய், நிலத்தைத் திருத்திக் கொடுத்து, உழைப்பில் கடனைக் கழித்து, சொந்தக்காரனாக்குவது என்பது திட்டம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியேற்றங்கள் தொடர்ந்தன. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் குடியேறின.

துன் அப்துல் ரசாக் கிராம மேம்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சிவப்புப் புத்தகம் இருந்தது. மாவட்டத்தின் வரைபடம் அடியில், அதன்மேல் சாலைக்கு ஒரு மெல்லிய தாள், தண்ணீருக்கு ஒரு தாள், பள்ளிக்கு ஒரு தாள் என்று அடுக்கடுக்காக. எங்கே என்ன இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நாங்கள் இன்று கணினியில் அடுக்கடுக்காக வரைகிறோமே, அதே யோசனை. ஒரு பொறியியல்காரனாக எனக்கு அந்தப் புத்தகத்தின் மீது பொறாமையே வந்தது.

ஆனால் அந்த வரைபடத்தில் எங்கள் தோட்டம் போன்ற இடங்கள் எப்படி இருந்திருக்கும்? தோட்டம் என்பது தனியார் நிலம். அங்கே சாலை, தண்ணீர், விளக்கு, வீடு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுப் பணம் வேலி வரைக்கும் வரும், உள்ளே வராது. எங்கள் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்கும் இந்த வேலிதான் காரணம். பள்ளி நிற்கும் மண் அரசாங்கத்துடையது அல்ல.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டக்காரர்கள்தான் நாட்டிலேயே பரம ஏழைகள் என்று நம் மேடைகளில் கேட்டு வளர்ந்தவன் நான். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 1970ல் தீபகற்ப மலேசியாவில் பாதிக் குடும்பங்கள், சரியாகச் சொன்னால் 49.3 விழுக்காடு, ஏழைகள். நெல் விவசாயிகளில் 88.1 விழுக்காடு, மீனவர்களில் 73.2, சிறு ரப்பர்த் தோட்டக்காரர்களில் 64.7. தோட்டத் தொழிலாளர்களில் 40. பாக்சிக்கின் அப்பா பேராக்கில் அரை ஏக்கர் வயலை ஆறு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாமல் செத்துப்போனவர். பாக்சிக்குக்குக் கிடைத்தது நியாயமாகக் கிடைக்க வேண்டியதுதான். நான் அந்தப் பட்டாவைத் தொட்டபோது எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை.

என் கேள்வி வேறு. 1971ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பதை இரண்டு இலக்குகளில் ஒன்றாக வைத்தது. 49.3 என்பதை 1990க்குள் 16.7 ஆக்க வேண்டும் என்றது. அந்த 40 விழுக்காட்டுக்கு என்ன வழி வைத்திருந்தார்கள்? நெல் விவசாயிக்கு நீர்ப்பாசனம், நிலமில்லாதவனுக்கு பெல்டா. தோட்டத் தொழிலாளிக்கு? அவனுக்கு முதலாளி இருக்கிறார், சங்கம் இருக்கிறது, சம்பளப் பேச்சு இருக்கிறது. அவன் ஏழ்மை, கூலிப் பிரச்சினையாக மாறிவிட்டது. அது கிராமப் பிரச்சினை என்று கணக்கில் வரவில்லை.

பெல்டாவின் கதவு முழுக்கச் சாத்தியிருந்தது என்றும் சொல்ல முடியாது. பெந்தோங் பக்கத்து லூரா பீலுட்டில் தமிழர்களும் சீனர்களும் குடியேறினார்கள். ஆனால் அது விதிவிலக்கு. தாத்தாவுக்கு அந்தக் கதவைத் தட்டக்கூட முடியாது. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர். 1968ல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டியதாகி, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தாத்தாவின் அண்ணன் குடும்பமும் அதில் ஒன்று. வழியனுப்பப் பினாங்குத் துறைமுகத்துக்குப் போனதைப் பாட்டி இன்னமும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். நிலம் கிடைக்குமா என்று கேட்கிற இடத்திலா இருந்தார்கள்? இருக்க விடுவார்களா என்று கேட்கிற இடத்தில் இருந்தார்கள்.

*

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவரும் அதே உங்கு அசிஸ்தான். நூறு ஏக்கரை நாலு பேர் வாங்கினால், வெட்ட ஆள் வேண்டும், ஆனால் லயம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ஆயாக்கொட்டகை வேண்டாம். வேலை போனால் வீடும் போகும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். 1960ல் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டுகிறவர்களின் பத்து பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்! இந்த நாட்டுத் தமிழர்களின் அரசியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

ஆனால் தாத்தா வேலை செய்த தோட்டத்தை நிலநிதி வாங்கவில்லை. எல்லாத் தோட்டத்தையும் வாங்க ஏது காசு? பங்குப் புத்தகம் பெட்டியில் இருந்தது, தாத்தா வேறொருவரின் மண்ணில் வெட்டிக்கொண்டிருந்தார். நிலநிதியில் அவர் ஒரு பங்குதாரர், தோட்டத்தில் செக்ரோலில் ஒரு பேர். பங்குதாரராக அவருக்கு ஆண்டுக்கொரு முறை லாப ஈவு வந்தது. அதில் தீபாவளிக்குத் துணி எடுப்பார்கள். “அந்தக் காசுலதான் புதுக் கைலி வரும்” என்றார் பாட்டி. அப்போது குறியீடு கொஞ்சம் ஏறியிருக்கும்.

எனக்கு ஏழு வயதானபோது எங்கள் தோட்டமும் கைமாறியது. கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. பாட்டி மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காவது மாடிக்குப் போனார். தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாட்டையும் கோழியையும் விற்றோம். முருங்கைப் போத்து ஒன்றைப் பெயிண்ட் வாளியில் நட்டுப் பார்த்தார் பாட்டி. பிடிக்கவில்லை.

*

இப்போது நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

பகாங் வேலைக்கு முந்திய ஆண்டு, பட்டம் வாங்கி ஆறே மாதத்தில், எனக்கு ஒரு வீடமைப்புத் திட்டத்தின் வடிகால் வரைபடம் கொடுத்தார்கள். பழைய தோட்டம்தான். வேறு மாநிலம். நில அளவை வரைபடத்தில் ஒரு வரிசையாகப் பன்னிரண்டு சிறிய செவ்வகங்கள். அவற்றின்மேல் சாய்கோடு போட்டு ‘இடிக்கப்படும்’ என்று குறிக்க வேண்டும். கணினியில் இரண்டு நிமிட வேலை. போட்டேன்.

பிறகு இடம் பார்க்கப் போனோம். அந்தச் செவ்வகங்கள் லயத்து வீடுகள். ஒன்பது பூட்டிக் கிடந்தன, கூரை விழுந்து. மூன்றில் ஆள் இருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “தம்பி தமிழா? எப்போ ஒடைக்கிறாங்களாம்?” என்று கேட்டார். அவர் குரலில் சண்டை எதுவும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல் கேட்டார். கொடியில் நாலு கைலி தொங்கியது. எனக்கு அப்போது உங்கு அசிஸைத் தெரியாது. ஆனால் நாலு என்பது ஏனோ நினைவில் நின்றுவிட்டது.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அட்டவணை என் பையில் இருந்தது.

காரில் திரும்பும்போது மூத்த பொறியாளரிடம் கேட்டேன், அவர்களுக்கு மாற்று வீடு உண்டா என்று. அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். “அது நில உரிமையாளர் பார்த்துக்கொள்வார். நம்ம ஸ்கோப் இல்லை” என்றார். நானும் சரி என்றேன்.

இரண்டு ஆண்டு கழித்து, பாட்டியின் நாற்பது வருடக் கணக்கைத் தேடிப் போய், ‘தோட்டம் தனியார் நிலம், முதலாளி பொறுப்பு’ என்று படித்தபோது அந்தக் கார்ப் பேச்சு காதில் விழுந்தது. அன்றைக்கு மாவட்ட அலுவலகத்தில் சிவப்புப் புத்தகத்தை விரித்துவைத்திருந்த அதிகாரியும் இதைத்தான் சொல்லியிருப்பார். நம்ம ஸ்கோப் இல்லை. அவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். சரி என்று தலையாட்டிய இளைஞன் ஒருவன் அவர் பக்கத்திலும் இருந்திருப்பான்.

*

எண்ணுவது என்பது வெறும் எண்ணுவது இல்லை. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் இங்கே வந்தார். அப்போது அதிகாரபூர்வ வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட், ஒரு குடும்பத்துக்கு. அந்தக் கோட்டின்படி 2016ல் நாட்டில் 0.4 விழுக்காடுதான் ஏழைகள். உலகில் எங்கும் இல்லாத சாதனை! இது நம்பும்படி இல்லை என்று அவர் சொன்னபோது இங்கே பலருக்கும் கோபம். அடுத்த ஆண்டு அரசாங்கமே கணக்கு முறையை மாற்றியது. கோடு 2,208 ரிங்கிட் ஆனது. 2019க்கான விழுக்காடு 5.6.

பாட்டியின் அடுக்குமாடியில், எதிர் வீட்டில் ஒரு அக்கா. தனி ஆளாக மூன்று பிள்ளைகள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. பழைய கோட்டின்படி அவர் ஏழை இல்லை. புதிய கோட்டின்படி ஏழை. இடையில் அவர் சம்பளத்தில் ஒரு காசு மாறவில்லை. ஈகாசே பதிவுக்கு நான்தான் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். சம்பளம், வாடகை, பிள்ளைகளின் வயது. “இதுல எம் பேரு ஏறுனா என்னா தம்பி கெடைக்கும்?” என்றார். முதலில் பேர் ஏறட்டும் அக்கா என்றேன். எட்டு மாதம் கழித்து ஏறியது.

பட்டா வாங்கியவர்கள் கதையும் அங்கேயே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. பாக்சிக்குக்கு ஏழு பிள்ளைகள். 1960ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அந்தப் பத்து ஏக்கரை விருப்பம்போல் கூறு போட முடியாது. பிள்ளைகள் குவாந்தானில் லாரி ஓட்டுகிறார்கள், ஷா ஆலமில் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். 2012ல் பெல்டாவின் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்கு 4.55 ரிங்கிட். ஆறு ஆண்டுகளில் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே போனது. “தாள் வேறே, நெலம் வேறே” என்ற பொருளில் பாக்சிக் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தாத்தாவின் பங்குப் புத்தகத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவந்து காட்டு என்றார். இன்னும் போகவில்லை.

*

போன தீபாவளிக்குப் பாட்டியின் அலமாரியைத் திறந்து எண்ணினேன். பதினேழு கைலிகள். கல்யாண வீட்டில் கொடுத்தது, கருமாதிக்குக் கொடுத்தது, அத்தைமார் வாங்கி வந்தது. பாதி இன்னும் உறை பிரிக்காதது. வீட்டில் ஒரே ஆள். குறியீடு 17.

“பாட்டி, நீங்க பணக்காரி.”

“ஆமா. கட்டிக்கிட்டு எங்க போறது? லிப்டு கெட்டு மூணு வாரமாச்சு.”

அப்போதுதான் லயத்துப் பெரியவரைப் பற்றி முதன்முறையாகப் பாட்டியிடம் சொன்னேன். சாய்கோடு, அட்டவணை, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். பாட்டி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உறை பிரிக்காத கைலி ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பெரியவர் பேரு என்னா?”

கேட்கவில்லை என்றேன்.

“பேரக்கூட கேக்கலியா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

போன மாதம் இன்னொரு பழைய தோட்டம், இன்னொரு வரிசைச் செவ்வகங்கள். இந்தத் தடவை மட்டம் எடுப்பதற்கு முன்னால் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பதினோரு குடும்பம். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள். திரும்பி வந்து அதைத் தட்டச்சு செய்து, தள அறிக்கையில் சேர்க்கலாமா என்று மூத்த பொறியாளரிடம் கேட்டேன். நீண்ட நேரம் பார்த்தார். “பின்னிணைப்பில் போடு” என்றார். போட்டேன். அதை யாராவது வாசிப்பார்களா, வாசித்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் இனிமேல்தான்.

அந்த வாரம் பாட்டி வீட்டுக்குப் போனபோது பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஏழாவது பெயரில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இரு, இரு. அவன் அப்பன் பேரு என்னா போட்டிருக்கு?”

சொன்னேன்.

“அட, அவுங்க நம்ம மூணாம் லயத்துல இருந்தவங்கய்யா” என்றார்.